வங்கத்தை ஆண்ட வைத்தியர்

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்துச் செயலாளர் பணித்தபோது, சேர சோழ பாண்டியருள் எவரைப் பற்றியேனும் நாம் எழுதுவோம் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். அப்பெருமன்னரைப் பற்றி எழுத நம்மினும் மிகக் கற்றோர் தாயகத்தில் பலர் உளர். நாமோ வங்க மண்ணில் வாழ்கின்றோம். நாம் உண்ணும் சோறு இம்மண்ணில் விளைந்தது. நம் மக்கள் வங்கப் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து கற்கின்றனர். ஆண்டுதோறும் ஜூலை முதல் நாள் பள்ளியிலும் மருத்துவமனையிலும் மாலையணிந்து நிற்கும் அந்தப் படத்திலுள்ள பெரியவர் யார் என்று அவர்கள் வீட்டிற்கு வந்து வினவினால், விடை கூற வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஆதலின் மேற்கு வங்கத்தை 14 ஆண்டுகள் ஆண்ட டாக்டர் பிதான் சந்திர ராயின் அரசியல் வாழ்வை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

வங்கத்தின் தலைவரெனப் போற்றப்படும் இவர் பிறந்தது வங்கத்தில் அன்று. பாட்னாவை அடுத்த பாங்கிப்பூரில். ஆண்டு 1882, ஜூலைத் திங்கள் முதல் நாள். தந்தையார் பிரகாச சந்திரர் ஆயத்தீர்வைத் துறையில் பணிபுரிந்தவர். அன்னையார் அகோரகாமினி தேவியார். பிரம்ம சமாஜ நெறியில் நின்ற அக்குடும்பத்தில் ஐந்து மக்களுள் இவரே இளையவர். உத்தியோகத்தின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த தந்தைக்கு வேற்று மண்ணில் பிறந்த பிள்ளை என்றால் நம் காலனியில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. பதினான்கு வயதில் அன்னையை இழந்தார். பாட்னாக் கல்லூரியில் கணிதம் பயின்று தேறியபின், சிப்பூர்ப் பொறியியற் கல்லூரிக்கும் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கும் ஒருங்கே விண்ணப்பித்தார். இரண்டிலும் இடம் கிடைத்தது. மருத்துவத்தைத் தேர்ந்து 1901-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

மாணவராக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை இவருடைய வரலாறு எழுதினோர் கூறுவர். ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் குதிரைவண்டி கல்லூரி வாயிலில் டிராம் வண்டியோடு மோதியது. டிராம் கடுவேகத்தில் வந்ததெனச் சாட்சி சொல்லுமாறு பேராசிரியர் இவரை வேண்டினார். பிழை வண்டிக்காரனுடையதே என்று இவர் மறுத்துவிட்டார். அப்பேராசிரியரே வாய்மொழித் தேர்வு நடத்த அமர்ந்தார்; இவர் தேறவில்லை. வேறு பட்டத்தின் வழியே தேறிப் பின்னர் எம்.டி. பட்டமும் பெற்றார். பிற்காலத்தில் டிராம் வண்டியே இவரது ஆட்சிக்குப் பெருந்தலைவலியாக வந்து வாய்த்த விந்தையைக் கீழே காண்போம்.

1909-இல் கையில் 1200 ரூபாயோடு இங்கிலாந்து சென்றார். இலண்டன் மாநகரத்துப் புனித பார்த்தலோமியு மருத்துவமனைத் தலைவர் இவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். மறுக்க மறுக்க இவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். முப்பது முறை என்பர். ஈற்றில் அம்மனிதர் மனமிரங்கி இடமளித்தார். இரண்டே கால் ஆண்டிற்குள் எம்.ஆர்.சி.பி., எப்.ஆர்.சி.எஸ். என்னும் இரு பெரும் பட்டங்களையும் பெற்று 1911-இல் நாடு திரும்பினார். மருந்தறிவிற்கு ஒன்று, அறுவை மருத்துவத்திற்கு ஒன்று. இரண்டையும் ஒருவரே ஒருங்கே பெறுதல் அந்நாளில் மிக அரிது.

கல்கத்தாவில் ஆசிரியராகவும் வைத்தியராகவும் புகழ் பெருகிற்று. ஆயினும் 41 வயது வரை தேர்தல் அரசியலில் இவர் கால் வைத்ததில்லை. 1923-இல் சட்டசபைத் தேர்தல் வந்தது. பாரக்பூர்த் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். எதிரில் நின்றவரோ சுரேந்திரநாத் பானர்ஜி! வங்கத்தின் முடிசூடா மன்னர் எனப்பட்டவர். காங்கிரஸ் மகாசபையில் இருமுறை தலைமை வகித்தவர். அம்மலையை இப்புதியவர் வீழ்த்தினார். தேசபந்து சித்தரஞ்சன் தாசரின் சுயராஜ்யக் கட்சி இவருக்குத் துணை நின்றது. சட்டசபையில் 1925-இல் இவர் கொண்டுவந்த தீர்மானம் ஒன்று நம் கவனத்திற்கு உரியது: ஹூக்ளி ஆற்று நீர் கெடுவதை ஆராய்ந்து தடுக்க வேண்டும் என்பது. அரசியல்வாதிகள் உரிமை பேசிய காலத்தில் வைத்தியர் தண்ணீரைப் பற்றிப் பேசினார்.

அவ்வாண்டே தேசபந்து மறைந்தார். அவர் விட்டுச் சென்ற வீடு மகளிர் மருத்துவமனையாயிற்று. சித்தரஞ்சன் சேவாசதனம் என்ற அந்நிலையத்தை நடத்தும் பொறுப்பை ராய் ஏற்றார். ஜாதவ்பூர்க் காசநோய் மருத்துவமனையின் வளர்ச்சியிலும் இவர் பங்கு பெரிது. 1930-இல் காங்கிரஸ் காரியக் கமிட்டியில் அமர்ந்தார்; அவ்வாண்டே சிறை சென்றார். 1931-இல் கல்கத்தா மேயரானார்.

அந்த 1931-ஆம் ஆண்டை நம் கரக்பூரார் மறத்தல் ஆகாது. நம் காலனிக்கு அண்மையில் ஹிஜ்லியில் அரசியற் கைதிகளை அடைத்து வைத்த முகாம் இருந்தது. செப்டம்பர் 16-ஆம் நாள் இரவு காவலர் கைதிகள்மீது சுட்டனர்; சந்தோஷ் குமார் மித்திரர், தாரகேசுவர் சென்குப்தர் என்னும் இருவர் மாண்டனர். வங்கமே கொதித்தெழுந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சிறைக் கட்டடத்திலேயே நாட்டின் முதல் தொழில்நுட்பக் கழகம் 1951-இல் தொடங்கப்பெற்றது. அது வங்கத்தில் அமைய வேண்டுமென நேருவிடம் வாதாடி வென்றவர் முதலமைச்சர் ராயே. இன்று நம் பிள்ளைகள் எந்த வளாகத்தில் நுழைவதைக் கனவு காண்கின்றனரோ அவ்வளாகத்தின் பழைய மாடம் கைதிகள் நின்ற மாடம் என்பதை அவர்களுக்குச் சொல்லி வைத்தல் நலம்.

காந்தியடிகளுக்கு இவர் வைத்தியர். அடிகள் உண்ணாநோன்பு இருந்த காலங்களில் இவர் அருகிருந்தார். நாற்பது கோடி மக்களுக்கு இலவசமாக வைத்தியம் செய்யாத நீர் எனக்கு மட்டும் ஏன் செய்யவேண்டும் என்று அடிகள் மறுத்ததாகவும், அந்நாற்பது கோடியின் உருவமாக நீங்கள் இருப்பதால் வந்தேன் என்று இவர் மறுமொழி கூறியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. 1942 முதல் 1944 வரை கல்கத்தாப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்தார். ஜப்பானியக் குண்டும் பெரும் பஞ்சமும் வங்கத்தை வாட்டிய கொடிய ஆண்டுகள் அவை.

விடுதலை வந்தது. ஐக்கிய மாகாணத்தின் கவர்னர் பதவி இவருக்கென அறிவிக்கப்பட்டது. அப்போது கண் சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தமையால் சரோஜினி தேவியார் அப்பதவியை ஏற்றார். திரும்பி வந்த ராய் அதனை வேண்டாவென விட்டுவிட்டார். வங்கத்திலோ பிரபுல்ல சந்திர கோஷின் மந்திரிசபை சில திங்களிலேயே தளர்ந்தது. சட்டசபைக் காங்கிரசார் ராயை அழைத்தனர். தொழிலை விட இவருக்கு மனமில்லை. காந்தியடிகளின் அறிவுரையாலேயே இசைந்தார்.

1948 ஜனவரி 23-ஆம் நாள் இவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் நம் இராஜாஜி. ஆம், மேற்கு வங்கத்தின் முதல் கவர்னர் சேலத்து வழக்கறிஞர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரே. அவர் நியமனத்தை முதலில் வங்கத்தில் எதிர்த்தோரும் உண்டு. பின்னர் அவர் மதிப்போடு விடைபெற்றார். தமிழர் ஒருவர் முன்னிலையில் தொடங்கிய ஆட்சி இது என்று நாம் சற்றே பெருமிதம் கொள்வதில் பிழையில்லை. பிரமாணம் எடுத்த ஏழாம் நாள் காந்தியடிகள் சுடப்பட்டார். தம்மைப் பதவியில் அமர்த்தியவரை வைத்தியர் ராய் அவ்வாறு இழந்தார். அப்போது இவருக்கு வயது 65. நம் அலுவலகங்களில் ஓய்வூதியம் வாங்கிச் சில ஆண்டுகள் கழிந்திருக்கும் வயது.

இவர் ஏற்ற வங்கம் எத்தகையது? பாதி உடல் வெட்டப்பட்ட வங்கம். சணல் விளையும் வயல்கள் கிழக்கே பாகிஸ்தானில். சணல் ஆலைகள் மேற்கே ஹூக்ளிக் கரையில். வடக்கே டார்ஜிலிங்கிற்கும் கூச்பிகாருக்கும் செல்லும் இருப்புப் பாதை அயல்நாட்டு மண் வழியே சென்றது. புதிய பாதை அமைக்கும் வரை வட மாவட்டங்கள் துண்டுபட்டுக் கிடந்தன. இரயில்வேயில் உழைக்கும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். காஞ்சராபாராவில் அமையவிருந்த என்ஜின் தொழிற்சாலை எல்லை நெருங்கியமையால் மிகிஜாமிற்கு மாற்றப்பட்டது. 1950-இல் உற்பத்தி தொடங்கிய அவ்வூரே தேசபந்துவின் பெயர் தாங்கிய சித்தரஞ்சன்.

அகதிகள் வந்த வண்ணம் இருந்தனர். பஞ்சாபில் ஒரே ஆண்டில் மக்கள் இரு திசையிலும் மாறிவிட்டனர், வங்கத்தில் அவ்வாறன்று. கலகம் எழுந்தபோதெல்லாம் ஓர் அலை வந்தது. 1950-இல் பேரலை வந்தது. 1951 கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தில் ஏறத்தாழ 21 இலட்சம் அகதிகள் இருந்தனர். சியால்தா நிலையத்து மேடைகளே பல குடும்பங்களுக்கு வீடாயின. இன்று நம் நிலைய மேடையில் ஓரிரவு வண்டிக்குக் காத்திருக்க நாம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், அங்கே திங்கட்கணக்கில் பிள்ளை பெற்றுப் பிணம் எடுத்து வாழ்ந்தவர் நிலை புரியும். மேற்கே வந்த அகதிகளுக்குத் தந்ததோடு ஒப்பிட்டால் வங்கத்திற்கு மத்திய அரசு தந்தது மிகக் குறைவென நேருவுக்கு ராய் கடிதம் எழுதினார். நண்பரிடமும் கணக்குக் கேட்கத் தயங்காதவர்.

கேட்டுக்கொண்டே இருந்துவிடவில்லை, கட்டவும் தொடங்கினார். கல்கத்தா அரசாங்கப் பேருந்துகளை 1948-இல் ஓடவிட்டார். அகதி இளைஞர் பலர்க்கு அங்கே வேலை கிடைத்தது. கறவை மாடுகளை நகரிலிருந்து அகற்றி ஹரிங்காட்டாவில் பாற்பண்ணை அமைத்தார். போர்க்காலத்து அமெரிக்க விமானத் தளம் கிடந்த இடத்தில் கல்யாணி நகரை எழுப்பினார். 1954-இல் அங்கே காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அந்நகர்ப் பெயருக்குப் பின் ஒரு காதற் கதை உண்டென்று கல்கத்தா டிராம்களில் பேசுவர். இவர் மணமாகாதவர் ஆதலின் கதை கட்டுதல் எளிதாயிற்று; அதற்கு ஆதாரம் இல்லை, விடுவோம். காடாய்க் கிடந்த துர்காபூரில் தாமோதர் நதிக்கு 1955-இல் அணைக்கட்டு வந்தது. அடுத்து இங்கிலாந்தின் உதவியோடு எஃகு ஆலை வந்தது. 1959 இறுதியில் அதன் முதல் உலை எரிந்தது. நம்மவர் எத்தனை குடும்பங்கள் துர்காபூரில் வேரூன்றின என்பதை நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

சிறு செய்தி ஒன்று. பொருளின்றிப் பாதியில் நின்ற ஒரு திரைப்படத்தை அரசு பணம் கொடுத்து முடிக்கச் செய்தார் ராய். பணம் சாலைத் துறைக் கணக்கிலிருந்து கொடுக்கப்பட்டது. படத்தின் பெயரில் 'பாதை' என்ற சொல் இருந்தமையே காரணம் என்பர். 1955-இல் வெளிவந்த சத்யஜித் ரேயின் 'பாதேர் பாஞ்சாலி' அது. எந்தக் கணக்கில் எதை எழுதுவது என்று நாள்தோறும் மல்லாடும் குமாஸ்தாக்களாகிய நாம், அந்த அலுவலகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா அச்செலவுச் சீட்டை எவ்வாறு எழுதியிருப்பார் என்று எண்ணிப் பலமுறை சிரித்ததுண்டு.

சரக்குக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐம்பதுகளில் மத்திய அரசு எஃகுக்கு நாடெங்கும் ஒரே விலை என்ற ஏற்பாட்டைச் செய்தது. ஜாம்ஷெட்பூரிலிருந்து ஹௌராவிற்கு வரும் இரும்பும் கோயம்புத்தூருக்குப் போகும் இரும்பும் வாங்குவோர்க்கு ஒரே விலை. கூடுதல் தூரத்தின் கூலியை எல்லோரும் பகிர்ந்து சுமந்தனர். சுரங்கத்தின் வாயிலில் இருந்த வங்கத்துப் பட்டறைகள் அருகிருந்த பயனை இழந்தன. தென்னாட்டு ஆலைகளும் மேற்குக் கரை ஆலைகளும் பயன் பெற்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் அவ்வேற்பாடு நீங்கிற்று. வங்கத்தின் தொழில் தளர்ந்ததற்குச் சோம்பலும் வேலைநிறுத்தமுமே காரணமென்று நம் காலனித் திண்ணைகளில் எளிதாகத் தீர்ப்புக் கூறுவோர் உளர். நம் தாயகத்துத் தொழில் வளர்ச்சியில் வங்கத்தின் இழப்பும் ஒரு பங்கு கலந்துள்ளது என்பதை அவர்கள் சரக்குக் கட்டணப் புத்தகத்தைப் புரட்டியேனும் அறிதல் வேண்டும்.

இனி இவர் தோற்ற இடங்கள். 1953-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சொந்தமான டிராம் வண்டியின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு காசு உயர்ந்தது. ஒரு காசுதானே என்று அரசு எண்ணிற்று. அந்த ஒரு காசுக்காக வண்டிகள் எரிந்தன, துப்பாக்கி முழங்கிற்று, ஈற்றில் உயர்வு நின்றது. நாளொன்றுக்கு இருமுறை செல்லும் ஏழைக்குக் காசு எத்தகையது என்பதைக் காரில் செல்வோர் கணக்கிட இயலாது போலும்.

1956-இல் நிகழ்ந்தது இன்னும் பெரிது. மொழிவழி மாநிலங்கள் அமையவிருந்த வேளை. ஜனவரி 23-ஆம் நாள் ராயும் பீகார் முதலமைச்சர் ஸ்ரீகிருஷ்ண சின்காவும் இரு மாநிலங்களையும் ஒன்றாக இணைக்கும் யோசனையை வெளியிட்டனர். அகதிகளைக் குடியேற்ற நிலம் கிடைக்கும், சுரங்கமும் ஆலையும் ஒரே ஆட்சியில் அமையும் என்பது ராயின் எண்ணம். மக்களைக் கேளாது செய்த யோசனை. வங்கம் முழுவதும் எதிர்ப்பு மூண்டது. மான்பூமிலிருந்து வங்கமொழி பேசும் மக்கள், பெண்டிரும் சேர, கல்கத்தாவிற்குக் கால்நடையாகவே புறப்பட்டனர். கல்கத்தா வடமேற்குத் தொகுதி இடைத்தேர்தல் இவ்வொரு வினாவையே முன்வைத்து நடந்தது. காங்கிரஸ் வேட்பாளர் தோற்றார். ராய் யோசனையைத் திரும்பப் பெற்றார். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் பீகாரிலிருந்து புருலியா வங்கத்தோடு சேர்ந்தது. ஆத்ரா இரயில்வே காலனியில் குடியிருந்தோர் வீட்டை விட்டு ஓரடி நகராமலே மாநிலம் மாறினர்.

இதே காலத்தில் சென்னை, கேரளம், கன்னடம் ஆகியவற்றை இணைத்துத் 'தட்சிணப் பிரதேசம்' அமைக்கும் பேச்சும் எழுந்தது. இராஜாஜி ஆதரித்தார்; பெரியாரும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர்; காமராசர் அதனைக் கைவிட்டார். வங்கமும் தமிழகமும் ஒரே கேள்விக்கு ஒரே விடை கூறின. மொழிக்கு ஒரு வீடு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவ்வீட்டிற்கு வெளியே வாழும் நம்போன்றோரைப் பற்றி அக்காலப் பேச்சுகளில் சொல் மிகக் குறைவே. ராயின் யோசனை நிறைவேறியிருந்தால் இருமொழி மாநிலத்தில் மூன்றாம் மொழியாருக்கும் சிறிது இடம் கிடைத்திருக்குமோ என்று நாம் எண்ணுவதுண்டு. ஆயினும் மேலிருந்து கட்டிய கூரை நிற்காது என்று மான்பூம் மக்கள் நடந்தே காட்டிவிட்டனர்.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் பௌபஜார்த் தொகுதியில் கம்யூனிஸ்டு வேட்பாளரைச் சில நூறு வாக்குகளாலேயே இவர் வென்றார். எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தவர் ஜோதி பாசு. அவையில் கடுஞ்சொல் பரிமாறிய இருவரும் தனி வாழ்வில் ஒருவர்க்கொருவர் மரியாதை குறையாதவர்.

1959 ஆகஸ்டு 31-ஆம் நாளை எப்படி எழுதுவது? அரிசி விலை ஏறிற்று, சிற்றூர்களில் பட்டினி. உணவு கேட்டுப் பெருந்திரளான மக்கள் கல்கத்தாவில் ஊர்வலம் வந்தனர். காவலர் தடியால் அடித்துக் கலைத்தனர். அடுத்த நாட்களில் சுடவும் செய்தனர். எண்பது பேர் மாண்டனர் என்று இயக்கத்தார் கூறினர். அரசின் கணக்கு அதனினும் குறைவு. காலையில் ஏழை நோயாளிகளை இலவசமாகப் பார்த்துவிட்டுத் தலைமைச் செயலகம் செல்லும் வழக்கத்தை முதலமைச்சரான பின்னும் விடாதவர் ராய். அவர் ஆட்சியில், பசித்து வந்தோர்மீது தடி விழுந்தது. இரண்டும் உண்மை, ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது. மருத்துவமனை, நகரம், ஆலை ஆகியவற்றைக் கட்டுவதில் இருந்த விரைவு, விளைந்த நெல்லைப் பதுக்கியவரிடமிருந்து எடுப்பதில் இவ்வரசுக்கு இல்லை என்பதே நம் கருத்து. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1953-இலும் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1955-இலும் வந்தன. நிலம் உழுதவன் கைக்கு வரப் பன்னெடுங்காலம் ஆயிற்று.

1961-இல் பாரதரத்தினம் விருது இவருக்கு வழங்கப்பெற்றது. 1962 தேர்தலிலும் கட்சி வென்று, மீண்டும் முதலமைச்சரானார். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் எண்பது நிறைந்தது. அன்று காலையிலும் நோயாளிகளைப் பார்த்ததாகக் கூறுவர். வாழ்த்தக் கொண்டுவந்த மலர்களே இறுதி மாலைகளாயின. நண்பகலுக்குப்பின் உயிர் நீத்தார். தம் இல்லத்தை அன்னையார் பெயரால் மருத்துவமனையாக்க ஈந்துவிட்டார். 1991 முதல் அந்நாள் நாடெங்கும் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் அன்று மாலை சாத்துவது இதன் பொருட்டே.

அவருக்குப்பின் பிரபுல்ல சந்திர சென் முதலமைச்சரானார். மறைவதற்குச் சில வாரங்கள் முன், ஏப்ரலில், கல்கத்தாவின் கிழக்கே உப்பேரியைத் தூர்த்து நகராக்கும் வேலையை ராய் தொடங்கி வைத்திருந்தார். யூகோஸ்லாவிய நிறுவனத்தார் ஹூக்ளி ஆற்றின் அடிமணலை நீரோடு கலந்து குழாய் வழியே ஏரியில் இறைத்தனர். அந்த வேலை அவர் போன பின்னும் நிற்காது நடந்தது. எந்த ஆற்று நீரைப் பற்றி 1925-இல் சட்டசபையில் எழுந்து பேசினாரோ அந்த ஆற்றின் மணல்மீது எழுந்த நகருக்கு இன்று பிதான்நகர் என்று பெயர்.